'அலைவ் 2007' நேரடிப் பதிவா, கைத்தட்டல் சேர்த்த ரீமிக்ஸா?

தாளக்காரன்:
பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை ஜோடி டாஃப்ட் பங்க்கோட 'அலைவ் 2007' கச்சேரி ஆல்பத்தை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறீங்க. 2007 ஜூன் 14, பாரிஸ் பெர்சி அரங்கம். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ரெண்டு பேரு மேடையில இருக்கிற பிரமிடுக்குள்ள நிக்கிறாங்க. கை என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் முன்னாடியே செஞ்சு வச்ச ஒலித்துண்டுகள். இதுக்குப் பேரு நேரடிக் கச்சேரியா?

ராத்திரிவானொலி:
பட்டனை அழுத்திட்டு சும்மா நின்னாங்கன்னு நினைச்சீங்களா? ஏபிள்டன் லைவ் மென்பொருள், மினிமூக் சின்த்ங்கிற மின்னணு இசைக்கருவி எல்லாம் வச்சுத்தான் வாசிச்சாங்க. அஞ்சாவது ட்ராக்கைக் கேளுங்க. 'அரௌண்ட் த வேர்ல்ட்' 1997 ஆல்பத்துப் பாட்டு, 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்' 2001 ஆல்பத்துது. ஒண்ணோட குரல் சுத்திக்கிட்டே இருக்கும்போது இன்னொண்ணோட சொற்கள் நடுவுல வந்து விழுது. அதைக் கண்டுபிடிச்ச கூட்டம் கத்துது பாருங்க, அந்தக் கத்தல் எந்த ஸ்டூடியோவுல கிடைக்கும்?

தாளக்காரன்:
இணைப்பு பிரமாதம்தான், யாரு இல்லைன்னா? ஆனா அதை யோசிச்சது மேடையில இல்லையே. லைட்டும் திரையும் பீட்டோட பூட்டி வச்ச மாதிரி ஓடுது, சுற்றுப்பயணம் முழுக்கப் பாட்டு வரிசையும் கிட்டத்தட்ட அதேதான். இவங்களோட பழைய கச்சேரி ஆல்பம் 'அலைவ் 1997'ஐ எடுத்துக்குங்க. பர்மிங்ஹாம் கிளப்ல பதிவானது, 45 நிமிஷம் ஒரே மூச்சு. அங்க மெஷினைத் திருகுறது காதுல விழுது. அது நேரடி.

சும்மாகேட்பவள்:
வரிசை மாறலைன்னா நேரடி இல்லையா? அப்ப நாடகம்கூட நேரடி இல்லை 😀

நான் வேற ஒண்ணு சொல்றேன். 2005ல வந்த 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்' ஆல்பத்தை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்குன்னு விமர்சகர்கள் கிழிச்சாங்க. எனக்கும் அது வறட்டு ஆல்பம்தான். அதே 'டெலிவிஷன் ரூல்ஸ் த நேஷன்' இங்க 'கிரெசெண்டால்ஸ்'ங்கிற பழைய பாட்டு கூடச் சேர்ந்ததும் எகிறுது. பழைய பாட்டுகளுக்கு அடியில போடறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இந்தப் பதிவு இல்லைன்னா அந்த ஆல்பத்தை மறுபடி போட்டே இருக்க மாட்டேன்.

ராத்திரிவானொலி:
அதே. 2009ல இதுக்கு கிராமியும் கிடைச்சுது.

தாளக்காரன்:
கிராமியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க சார், அவங்க குடுத்தது எலக்ட்ரானிக் நடன ஆல்பம் பிரிவுல. நேரடிக் கச்சேரின்னு யாரும் சான்றிதழ் குடுக்கலை.

சும்மாகேட்பவள்:
அந்தக் கச்சேரிக்கு அதிகாரபூர்வ டிவிடியும் வரலை. கூட்டத்துல இருந்தவங்க ஆட்டிக்கிட்டே எடுத்த வீடியோக்கள்தான். அதுல பிரமிடுல லைட் எரியறப்போ சத்தம் உடைஞ்சு கரகரன்னு வரும். ஆல்பத்துல அது சுத்தமா மிக்ஸ் ஆகியிருக்கு. அந்த ஒரு விஷயத்துல நான் தாளக்காரன் பக்கம்.

தாளக்காரன்:
அப்பாடா, ஒரு ஓட்டு. "நல்ல ரீமிக்ஸ் ஆல்பம்"னு எழுதுங்க, இப்பவே கையெழுத்து போடறேன்.

ராத்திரிவானொலி:
போடாதீங்க. முதல்ல கூடுதல் டிஸ்க்ல இருக்கிற என்கோரை, அதான் கச்சேரி முடிஞ்சப்புறம் மறுபடி வந்து வாசிச்சதை, கேட்டுட்டு வாங்க.