பழைய கடிதத்தில் உள்ள கையெழுத்து யாருடையது? உதவுங்கள்

படுவான்கரையான்:
அம்மம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. 1978 மட்டக்களப்புச் சூறாவளியில் கூரை பறந்தபோதும் தப்பிய பெட்டி. கீழே உள்ள கையெழுத்து யாருடையது? 'வ. வி.' தெரிகிறது. பிறகு 'க'. நடுவில் மை ஊறிவிட்டது. கடைசியில் யானைத் துதிக்கை போல ஒரு சுழி. விரைவாகச் சொல்லுங்கள், அம்மம்மாவுக்கு 91 வயது.

வாவிக்கரை:
எந்த ஆண்டு? யாருக்கு வந்தது? உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

காரைதீவு மைந்தன்:
'வி' என்றால் விபுலாநந்த அடிகளேதான். எங்கள் ஊர் பெற்ற பிள்ளை. பத்திரப்படுத்துங்கள்!

படுவான்கரையான்:
ஆண்டு எண்ணில் இல்லை. 'துன்மதி வருடம் பங்குனி' என்று இருக்கிறது. பூட்டனாருக்கு வந்தது. வாய்க்கால் வெட்ட நாலு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

பழஞ்சுவடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்க வருகிறவர்கள் கடிதத்தை ஒரு தடவையாவது முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள். துன்மதி 1921 சித்திரையில் பிறந்தது. அதன் பங்குனி 1922 மார்ச், ஏப்ரலில் வரும். அடுத்த துன்மதி அறுபது ஆண்டு கழித்து, அது பூட்டனார் காலம் அல்ல. அடிகள் துறவு பூண்டு அந்தப் பெயரைப் பெற்றது 1924இல். 'வ. வி.' பெயரே அல்ல, பதவி: வட்டவிதானை, வயல்வேலைகளை மேற்பார்க்கும் ஊர் அலுவலர். சிறுபோக நெல் விதைப்புக்கு முன் வாய்க்காலுக்கு ஆள் கேட்பது அவர் பொறுப்பு. அந்தத் துதிக்கை பழைய 'ளை'. பெயர் 'பிள்ளை' என்று முடிகிறது.

எழுவான்கரை:
வட்டவிதானை அல்ல, வட்டைவிதானை. வட்டை என்றால் வயல்வெளி.

பழஞ்சுவடி:
ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

எழுவான்கரை:
வாய் தேய்த்துவிட்டால் வேர் மாறிவிடுமா? 1958 இலங்கை நெற்காணிச் சட்டத்தோடு பதவி போய்விட்டது. சொல்லையாவது சிதையாமல் வைத்திருப்போம்.

காரைதீவு மைந்தன்:
இருந்தாலும் ஒரு படம் போடுங்கள், பார்த்துவிடுவோம்.

வாவிக்கரை:
தம்பி, அந்தக் காலத்துக் காணி உறுதி (நிலப் பத்திரம்) ஏதும் வீட்டில் இருக்கிறதா? சாட்சிக் கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயல் உறுதி என்றால் அயல் வயல்காரர்களைத்தான் சாட்சிக்கு அழைத்திருப்பார்கள்.

படுவான்கரையான்:
உறுதி கிடைத்தது. இரண்டாம் சாட்சி, அதே சுழி, பெயர் முழுதாக இருக்கிறது. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வரம்பில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் என்றார். எல்லோருக்கும் நன்றி.