ஏழு ஆண்டு அப்டேட் தருகிறார்கள், பேட்டரி அதுவரை தாங்குமா?

வைகைக்கரையான் (கேள்வி):

வணக்கம். 2021-இல் வாங்கிய என் கைபேசி வேகத்தில் இன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் காலையில் முழுவதும் ஏற்றிய சார்ஜ் பிற்பகல் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. புதியது வாங்கலாம் என்று விசாரித்தால், விலை உயர்ந்த கைபேசிகளைக் காட்டும் விற்பனையாளர்கள் அனைவரும் ஏழு ஆண்டு அப்டேட் என்பதையே முதலில் சொல்கிறார்கள். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்குக் கூகுள் அளித்த இந்த வாக்குறுதியை 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் அளித்தது; அது நல்லதே. ஆனால் 2025-இல் வந்த கைபேசிகளைப் பார்த்தால் போட்டி மெலிவில்தான் நடக்கிறது: கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர், ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர். பசையிட்டு மூடிய இத்தகைய கருவிக்குள் இருக்கும் பேட்டரி மூன்று ஆண்டில் தளர்ந்துவிட்டால், மீதி நான்கு ஆண்டு அப்டேட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இப்படிக் கேட்பது பழைய காலத்து மனப்பான்மை என்கிறான் என் மகன். உங்கள் கருத்து என்ன?

சர்வீஸ்காரன்:

ஐயா, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். உங்கள் மகன் சொல்வதை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். நூறு விழுக்காடு சார்ஜைச் செலவிட்டால், அது ஒரே நாளிலானாலும் இரண்டு நாளில் பாதி பாதியாக ஆனாலும், ஒரு சுற்று. 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும் பேட்டரியை நல்ல பேட்டரி என்கிறோம். நாளுக்கு ஒரு சுற்று என்று பயன்படுத்துபவருக்கு அந்த 800 சுற்று இரண்டேகால் ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஏழு ஆண்டுக்கு 2,500 சுற்றுக்கு மேல் தேவை. எனவே ஏழு ஆண்டு வைத்திருப்பவர் ஒருமுறையாவது, பெரும்பாலும் இருமுறை, பேட்டரி மாற்றியே ஆக வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை. சித்திரை வெயிலில் வண்டியின் முன்புறம் கைபேசியை மாட்டி வரைபடம் பார்த்தபடியே சார்ஜும் ஏற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

மாற்றும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்புறக் கண்ணாடியைச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய தகடு நுழைத்துத் திறக்கும்போது கண்ணாடி விரிசல் விடுவதுண்டு. பேட்டரியின் அடியிலும் பசை இருக்கிறது. அவசரப்பட்டு நெம்பினால் பேட்டரி வளையும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். திறந்து மூடிய கைபேசியின் நீர்த்தடுப்புக்கு யாரும் உறுதி தர முடியாது. இவ்வளவும் தவிர்க்க முடியாதவை அல்ல: 2024-இல் வந்த ஐபோன் 16-இல் 9 வோல்ட் பேட்டரி ஒன்றை இணைத்தாலே அடிப்பசை விட்டுக்கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். மனம் வைத்தால் வழி இருக்கிறது என்பதை அதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

நுகர்வோன்:

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் மூலம் இதற்குத் தீர்வு கண்டுவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி, மேலே நண்பர் சொன்ன 800 சுற்று, 80 விழுக்காடு என்ற அளவைத் தாங்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனையை நிறுவனம் நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு அதன் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதியும் கட்டாயமாகிறது. சார்ஜர் முனை விஷயத்தில் நடந்ததைப் பார்த்தோம்: அங்கே இயற்றிய சட்டத்தால் 2023-இல் ஐபோன் 15 உலகம் முழுவதற்கும் யூஎஸ்பி-சி முனைக்கு மாறியது. அதுபோல இதுவும் நம்மிடம் வந்து சேரும். பொறுத்திருங்கள்.

சர்வீஸ்காரன்:

அவ்வளவு எளிதில் மகிழ வேண்டாம், நண்பரே. அந்த விதிகளிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. 500 சுற்றுக்குப் பின் 83 விழுக்காடும் 1,000 சுற்றுக்குப் பின் 80 விழுக்காடும் மிஞ்சி, கருவி தூசியையும் நீரையும் தடுப்பதாக இருந்தால், பயனரே மாற்றும் வசதியைத் தர வேண்டியதில்லை; பயிற்சி பெற்றவர் மாற்றினால் போதும். விலை உயர்ந்த கைபேசிகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே வெளியேறும் என்பது என் கணிப்பு. நீர்த்தடுப்பு வேண்டுமென்றால் பசை வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. 2014-இல் வந்த கேலக்ஸி எஸ்5-இல் பின்மூடியை நகத்தால் கழற்றிப் பேட்டரியை மாற்றலாம். அதுவும் நீர்த்தடுப்புச் சான்று பெற்ற கைபேசிதான்.

மெல்லியலாள்:

மெலிவான கைபேசியைக் கேலியாகவே பார்க்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் கையில் பிடித்து வேலை செய்யும் எனக்குக் கனமும் தடிமனும் மணிக்கட்டு வலியாகத் தெரிகின்றன. எதிர்மின்முனையில் சிலிக்கான் கலந்த பேட்டரிகளைச் சீன நிறுவனங்கள் 2023 முதல் கைபேசியில் பயன்படுத்துகின்றன. அதே பருமனில் கூடுதல் கொள்ளளவு கிடைக்கிறது. எனினும் சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது பெருத்து இறங்கும்போது சுருங்கும் இயல்புடையது என்பதால், அதைக் குறைந்த அளவிலேயே கலக்கிறார்கள். அதன் ஆயுளை நீண்ட காலம் பயன்படுத்தியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. நான் மெலிவைத் தேடவில்லை என்பது தெளிவாகிவிட்டது. இனி எந்தக் கைபேசியைப் பார்த்தாலும், அதன் பேட்டரியை நிறுவனத்தின் சேவை மையத்தில் மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டு, அந்தத் தொகையை இருமுறை விலையோடு கூட்டிப் பார்க்கப் போகிறேன். பழைய கைபேசிக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் ஓராண்டு இருப்பதால், முதலில் அதற்கே பேட்டரி மாற்றலாம் என்று தோன்றுகிறது.

சர்வீஸ்காரன்:

நல்ல முடிவு, ஐயா. எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் சார்ஜைக் கால்பங்குக்குக் கீழே இறக்கிவிட்டு, படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டுக் கொடுங்கள். பின்மூடி ஏற்கெனவே சற்றுத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள்; அப்படியிருந்தால் இன்றிரவு சார்ஜில் போடவே வேண்டாம்.