தென்கொரியாவின் பூசான் நகர பேஸ்பால் அணியான லோட்டே ஜயண்ட்ஸ், சில சொந்த ஆட்டங்களைப் பக்கத்து நகரமான உல்சானில் ஆடத்தான் வேண்டுமா?

சாஜிக்வாசி: கூடாது என்பதே என் கட்சி. ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் கிடைப்பதே 70 சொச்சம் ஆட்டம். அதிலும் சிலவற்றைப் பூசானிலிருந்து பிடுங்கி உல்சானின் முன்சு பேஸ்பால் மைதானத்துக்குக் கொடுக்கிறார்கள். பூசானின் சாஜிக் மைதானத்தில் 22,000 பேருக்கு மேல் உட்காரலாம், முன்சுவில் சுமார் 12,000 தான். அப்புறம் வெயிலில் கொதிக்கும் அந்தச் செயற்கைப் புல்! 2024 ஆகஸ்ட் 2 அன்று எல்ஜி ட்வின்ஸ் அணியுடன் முன்சுவில் நடக்கவிருந்த ஆட்டம் வெயிலால் ரத்து. 1982 முதல் நடக்கும் கேபிஓ என்ற கொரியத் தொழில்முறை பேஸ்பால் லீக்கில் வெயிலுக்காக ஓர் ஆட்டம் ரத்தானது அதுவே முதல் தடவை.

முன்சு மேடை: அண்ணே, பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 4ஆம் தேதி சியோலின் ஜாம்சில் மைதானத்திலும் வெயிலால் ரத்து. அங்கே இருப்பது இயற்கைப் புல்.

சாஜிக்வாசி: அதே 4ஆம் தேதி உல்சானிலும் ரத்துதான் தம்பி, அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். மூன்று நாள் தொடரில் இரண்டு ஆட்டம் போச்சு.

ஓரத்து இருக்கை: பந்து எழும்பும் விதமும் வேறு. சாஜிக்கின் புல்லில் பழகிய இன்ஃபீல்டர்களுக்கு (உள்களத் தடுப்பாளர்களுக்கு) முன்சு வெளியூர் மாதிரிதான். பேருக்குத்தான் சொந்த மைதானம்.

முன்சு மேடை: இருக்கட்டும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள், ஹூண்டாய் கார் ஆலை, கப்பல் தளம் எல்லாம் உள்ள ஊர் இது. மைதானம் 2014இல் திறந்தது, லீக்கின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தையே 2018இல் இங்கே நடத்தினார்கள். ஷிஃப்ட் முடிந்த ஆள் பூசான் போய் ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு எத்தனை மணிக்கு வீடு சேர்வது?

சாஜிக்வாசி: 2021 கடைசியிலிருந்து உல்சானையும் பூசானையும் இணைக்கும் டொங்கே பாதையில் மின்ரயில் ஓடுகிறதே. கோஜேயில் இறங்கி 3ஆம் பாதை மெட்ரோவுக்கு மாறினால் சாஜிக்.

முன்சு மேடை: போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏழாவது இன்னிங்ஸிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். குழந்தைகளோடு போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆகஸ்ட் தொடக்கத்தில் செயற்கைப் புல்லில் ஆட்டம் வைக்கச் சொன்னது உல்சான் ரசிகர்களா? வெயில் பிரச்சினையே தேதிப் பிரச்சினைதான். மே மாதத்தில் ஒரு தொடர், செப்டம்பரில் ஒரு தொடர் என்று கொடுத்தால் சாஜிக்வாசியின் பெரிய வாதம் அடிபட்டுவிடும். என் கண்ணுக்கு, அணி நிர்வாகம் நல்ல தேதிகளைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் இரண்டாம் மைதானத்துக்குத் தள்ளுகிறது.

முன்சு மேடை: சரியாகச் சொன்னீர்கள். மே மாத வார இறுதி ஒன்று போதும் எங்களுக்கு.

சாஜிக்வாசி: மே மாத வார இறுதியா! சாஜிக் நிரம்பி வழிகிற நேரம் அது. வேண்டுமானால் செவ்வாய், புதன் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்சு மேடை: 1985இல் திறந்த சாஜிக்கை இடித்துக் கட்டும்போது எங்கே ஆடுவீர்களாம்?

சாஜிக்வாசி: பக்கத்திலேயே இருக்கும் ஏசியாட் பிரதான மைதானத்தைத் தற்காலிகமாக மாற்றுவதுதான் திட்டம். உல்சான் இல்லை.

முன்சு மேடை: ஓட்டப்பாதை போட்ட மைதானத்தை மாற்றிக்கூட ஆடுவீர்கள், பேஸ்பாலுக்கென்றே கட்டிய மைதானத்துக்கு மட்டும் வர மாட்டீர்கள். நடத்துங்கள் அண்ணே.