பனியடிக் கடலும் பனியிடைக் கடலும்: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வியாழன், சனி ஆகியவற்றின் நிலவுகளில் மேற்பரப்புக்குக் கீழே இருக்கும் கடலை (subsurface ocean) தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நிலத்தடிக் கடல், உட்கடல், மறைகடல். மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

'நிலத்தடிக் கடல்' காதுக்குப் பழகியதாக இருப்பதற்குக் காரணம் நிலத்தடி நீர். மண்ணின் இடுக்கிலும் பாறை வெடிப்பிலும் ஊறித் தேங்கும் நீரைத்தான் அப்படிச் சொல்கிறோம். வியாழனின் நிலவான யூரோப்பாவின் கதை வேறு. அங்கே மேலே நிலமே கிடையாது. பல கிலோமீட்டர் தடிமனான பனி, அதன் கீழ் 60 முதல் 150 கிலோமீட்டர் வரை ஆழம் இருக்கலாம் என்று கணிக்கப்படும் உப்புநீர், அதற்கும் கீழேதான் பாறை. நம் நிலாவைவிடச் சற்றே சிறிய அந்த உலகத்தில், பூமியின் கடல்களில் உள்ளதைப்போல இருமடங்கு நீர் இருக்கக்கூடும். இதைப் படிக்கும் மாணவர் மனத்தில் கிணற்று நீரின் படம் வந்து நின்றால் எல்லாமே தவறாகப் போய்விடும்.

'உட்கடல்' நிலத்தால் சூழப்பட்ட கடலுக்கு வேண்டியிருக்கும். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

'மறைகடல்' அழகான வினைத்தொகை, ஒப்புக்கொள்கிறேன். மறை என்றால் வேதம் என்றும் பொருள் உண்டே என்று ஒரு நண்பர் தயங்கியிருந்தார். அது பெரிய தடையல்ல, இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. என் தயக்கம் வேறு. இந்தக் கடல்கள் எல்லாம் மறைந்தே கிடப்பவை அல்ல. சனியின் என்செலடஸ் வெறும் 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறு நிலவு. அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் விண்வெளிக்குப் பீறிடுவதை 2005-இல் காசினி விண்கலம் கண்டது. அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்து போய் அதன் சேர்மங்களையும் அளந்தது. அதில் மூலக்கூறு ஹைட்ரஜன் இருப்பது 2017-இல் வெளியானது. காசினி சேர்த்துவைத்த தரவுகளிலிருந்து பாஸ்பேட் இருப்பது 2023-இல் தெரியவந்தது. தன் நீரைத் தானே அள்ளி வெளியே வீசும் கடலை மறைகடல் என்பது எனக்குப் பொருந்தவில்லை. தவிர, 'மறை' என்பது நம் கண்ணுக்குப் படவில்லை என்பதை மட்டும் சொல்கிறது, கடல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

சரி, என் பரிந்துரை: பனியடிக் கடல். கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும்: பனியிடைக் கடல்.

ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் உயிர் பற்றிய கேள்வி வருகிறது. சூரிய ஒளி எட்டாத நீரில் உயிர் எதை நம்பி வாழும்? 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் தரையில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, ஒளியே இல்லாத இருளில் ஓர் உயிர்க்கூட்டம் செழித்திருந்தது. அந்த உணவுச் சங்கிலியின் அடியில் இருப்பவை, ஊற்றிலிருந்து வரும் வேதிப்பொருள்களைக் கொண்டு உணவு ஆக்கும் நுண்ணுயிரிகள். ஆக, நீர் பாறையைத் தொடுகிறதா என்பதே முதல் கேள்வி. யூரோப்பாவிலும் என்செலடஸிலும் கடலின் தரை பாறை என்றே கருதப்படுகிறது. என்செலடஸில் கண்ட ஹைட்ரஜனும், வெந்நீர் பாறையோடு வினைபுரிவதற்கான அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. இவை பனியடிக் கடல்கள்.

வியாழனின் இன்னொரு நிலவான கானிமீட் அப்படியல்ல. அது சூரியக் குடும்பத்திலேயே மிகப் பெரிய நிலவு. அதன் கடலுக்கு அடியில், பெரும் ஆழத்தில், அழுத்தம் மிகக் கூடிவிடுவதால் நீர் வேறு வகைப் பனியாக மாறுகிறது. நாம் அறிந்த பனிக்கட்டி நீரில் மிதக்கும். அந்தப் பனி நீரைவிட அடர்த்தியானது, மூழ்கிவிடும். எனவே கானிமீட்டின் கடலுக்கு மேலேயும் பனி, கீழேயும் பனி என்றே மாதிரிகள் காட்டுகின்றன. கடலுக்கும் பாறைக்கும் இடையில் தடுப்பு. இது பனியிடைக் கடல். அந்தத் தடுப்பைத் தாண்டி உப்பும் பிற பொருள்களும் மேலே வர வழி உண்டா என்பது தனி ஆய்வுக் கேள்வி. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரே ஒரு சொல் மாற்றத்தில், 'அடி', 'இடை' என்று தமிழ் காட்டிவிடுகிறதே! இந்த வாய்ப்பை விடக்கூடாது என்பதுதான் நான் வலியுறுத்துவது.

'பனி' என்றால் மூடுபனியும்தானே என்று ஒரு கேள்வி வரலாம். பனிக்கட்டி, பனிப்பாறை, பனியாறு என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் குழப்பம் வராது. ஆனால் மேலே மூடியிருக்கும் பனிப் படலத்தைப் 'பனியோடு' என்று எழுதுவதை மட்டும் தவிர்ப்போம். 'பனியுடன்' என்றே எல்லோரும் படிப்பார்கள். 'பனி மேலோடு' என்றால் தெளிவு. அப்புறம் சனியின் நிலவான டைட்டன்: அதன் மேற்பரப்பிலேயே மீத்தேன் கடல்கள் இருப்பதால், அங்கே 'கடல்' என்று மொட்டையாக எழுதவே கூடாது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிர் வாழத் தகுந்த இடத்துக்கு 'வாழ்தகு' என்ற அடைமொழி ஏற்கெனவே புழங்குகிறது. அதை 'உயிருள்ள' என்பதோடு கலந்து எழுதும் செய்திகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் உயிரைத் தேடிப் போகவில்லை. அந்தக் கடல் வாழ்தகு கடலா என்று பார்க்கவே போகிறது. அது 2030-இல் வியாழனை அடையும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் விண்கலம் 2031-இல். ஜூஸ் பிறகு கானிமீட்டையே சுற்றிவரப் போகிறது. இரண்டிலிருந்தும் செய்திகள் வரத் தொடங்கும்போது, எழுதுகிறவர்கள் கையில் சொற்கள் தயாராக இருக்க வேண்டும்.

'பனியிடை' என்பதில் 'பனியின் நடுவே மிதக்கும்' என்ற பொருள் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். 'இருபனிக் கடல்' என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன், ஆனால் என் வாக்கு பனியிடைக் கடலுக்குத்தான்.