புதுப்பிப்பு: டெங்கு – ரப்பர் சிரட்டையும் காய்ச்சல் விடும் நாளும்

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலை பக்கம் ரப்பர் வேலைக்கு வந்து தங்குகிறவர்களுக்காக முன்பு போட்ட பதிவில், டெங்குக் கொசுவை ஒழிக்க வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தோம். அது பாதிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில், கறுப்புப் பொடி போல முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது; மறுபடி நனைந்தால் பொரியும். ஆகவே தொட்டியையும் குடத்தையும் தேங்காய்நார் வைத்து விளிம்புவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பால்வெட்டு இல்லாத மழைநாட்களில், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் பின்புறம் தண்ணீர் சேரும் தட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கொசுப்புழு நெளிவது அங்கேயும்தான்.

"காய்ச்சல் விட்டாச்சு, வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. காய்ச்சல் தொடங்கி மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

மாத்திரை பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி, ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள், பிந்தினால் உடம்பின் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ஐ.ஜி.எம். பரிசோதனை. பப்பாளி இலைச் சாற்றை நம்பித் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; நீர் கசிந்தால் கூடும்) ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடிக்க ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்), உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், இளநீர்.