காலையில் பிடிக்காத பழைய லாரி: காற்று எங்கே புகுகிறது?

வணக்கம் அண்ணன்மார்களே. அப்பா காலத்து ஆறு சக்கர டீசல் லாரி, இன்லைன் பம்ப் (இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் மெயின் பம்ப்) உள்ளது; சென்சார் எதுவும் கிடையாது. காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. சைலன்சரில் துளி வெள்ளைப் புகைகூட இல்லை. நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) வரை டீசலே போகவில்லை என்று நினைக்கிறேன்.

ஃபில்டர் மேல் இருக்கும், காற்றை வெளியேற்றும் ஏர் போல்ட்டைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப் அடித்தால் முதலில் வெறும் நுரை. டீசல் கம்பி போல வந்ததும் இறுக்கிச் செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பகல் முழுக்க லோடோடு ஓடினாலும் தொந்தரவில்லை. மறுநாள் அதே கதை.

ஃபில்டர் இரண்டும் புதுசு, செப்பு வாஷர்களும் மாற்றியாயிற்று. ஸ்டாப் கேபிள் (இன்ஜினை அணைக்க இழுக்கும் கம்பி) முழுசாகத் திரும்புகிறது. வெளியே கசிவு இல்லை. ஆனால் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து மெயின் பம்புக்குத் தரும் சின்ன பம்ப்) வரை உறிஞ்சும் பக்கம். வண்டி ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

டேங்க் லைனைக் கழற்றி, கேபின் உயரத்தில் கேன் வைத்து டீசல் கொடுத்தேன். மறுநாள் உடனே ஸ்டார்ட். ஆனால் கேன் மேலே இருந்ததால், ஃபீட் பம்ப் வால்வு தேய்ந்திருந்தாலும் டீசல் பின்னால் இறங்கியிருக்காது. அதனால் குறை டேங்க் உள்குழாயிலா, ரப்பர் ஹோஸிலா, வால்விலா என்று பிரிக்க முடியவில்லை.

மெக்கானிக் மெயின் பம்பையே இறக்கிக் காலிபரேஷன் (டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்வது) செய்யச் சொல்கிறார். பகலெல்லாம் இழுவை குறையாத வண்டிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றே படுகிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டால் குமிழி தெரியுமா? ஹேண்ட் பம்ப் வாஷர் வழியாகவும் காற்று இழுக்குமா? இப்படி ஒன்றைச் சரி செய்தவர்கள் எதை முதலில் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.