பேண்ட்சாவுக்குப் புது ஃபென்ஸ் மாட்டியும் பலாப் பலகை நேராக அறுபடவில்லை, உதவி வேண்டும்

திருவையாறு பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 14 இஞ்ச் பேண்ட்சா (மேலும் கீழும் உள்ள இரண்டு வீலில் நாடா மாதிரி பிளேடு சுற்றி ஓடும் ரம்பம்) இருக்கிறது, வார்ப்பிரும்பு டேபிள். மிஷினோடு வந்த ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்த்தடுப்பு, மெல்லிய தகடு, முன்னால் இறுக்கினால் பின்பக்கம் ஆடும், அதனால் ஆன்லைனில் அலுமினிய ஃபென்ஸ் ஒன்று வாங்கினேன். முன்பக்கம் ஒரு ரெயில், அதில் நகரும் தலை, தலையில் நான்கு போல்ட் போட்டுப் பிடித்த உயரமான கட்டை, அவ்வளவுதான் அமைப்பு. 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் சித்தப்பா தோப்பில் சாய்ந்த பலாவை அப்போதே பலகை போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது நன்றாகக் காய்ந்து அருமையான நிறத்தில் இருக்கிறது. 5 இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். அதை நிற்கவைத்து இரண்டாகப் பிளந்து ஒரு பூஜை அறைக் கதவுக்கு ஜோடிப் பலகை எடுக்கவேண்டும், தையில் கிரகப்பிரவேசம்.

ரெயிலில் உள்ள ஓட்டைகள் டேபிளோடு சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு போல்ட்தான் ஏறியது. ஃபென்ஸை டேபிளில் முன்பின்னாக ஓடும் பள்ளத்துக்கு நேராக வைத்துத்தான் அறுக்கிறேன், ஆனாலும் போகப் போக மரம் ஃபென்ஸை விட்டு விலகுகிறது, அழுத்திப் பிடித்தால் பிளேடு வளைகிறது. பிளேடு அரை இஞ்ச், இஞ்சுக்கு 6 பல். இந்த மரம் இனிக் கிடைக்காது, அதனால் வேப்பங்கட்டையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபென்ஸில் கோளாறா, மிஷினில் கோளாறா?

கும்பகோணம் ஆசாரி:

தம்பி, அறுத்த துண்டை எடுத்து நான்கு மூலையிலும் கனத்தை அளந்து எழுதுங்கள், அகலத்தின் நடுவிலும் அளந்துகொள்ளுங்கள். ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெல்லிசாகவும் இருந்தால் பிளேடு போகும் திசையும் ஃபென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். மேல் விளிம்பு ஒரு கனம், கீழ் விளிம்பு ஒரு கனம் என்றால் ஃபென்ஸோ டேபிளோ பிளேடுக்கு மூலைமட்டத்தில் இல்லை. விளிம்புகள் இரண்டும் சரியாக இருந்து நடுவில் மட்டும் வயிறு தள்ளியிருந்தால் அதற்கும் ஃபென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை, மரத்துக்குள் பிளேடு வில்லாக வளைகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அளக்காமல் ஃபென்ஸைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெடும்.

மன்னார்குடி லேத்:

ரெயிலை முதலில் முடியுங்கள் அண்ணே. டேபிளில் அவசரப்பட்டுப் புது ஓட்டை போடவேண்டாம், ரெயிலில் இருக்கும் ஓட்டையை உருண்டை அரத்தால் பக்கவாட்டில் நீளமாக்கினால் பெரும்பாலும் போல்ட் ஏறிவிடும், கனமான வாஷர் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால்தான் டேபிளைத் துளைக்கவேண்டும்: எட்டு எம்எம் போல்ட்டுக்கு 6.8 எம்எம் டிரில், பிறகு டேப் போட்டு மரை வெட்டவேண்டும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் விடாமல் உலர்வாகவே, மெதுவான வேகத்தில் துளைக்கலாம், தூள் கருப்பு மாவாகக் கொட்டும். முக்கியமாக ஒன்று. உங்கள் டேபிளில் பிளேடு மாற்றும் வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது? முன்பக்கம் என்றால் ரெயில் அதை அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவை பிளேடு மாற்றும்போதும் ரெயிலைக் கழற்ற வேண்டியிருக்கும். டேபிளுக்கும் ரெயிலுக்கும் நடுவே பிளேடு அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி வருகிற மாதிரி குழாய்த் துண்டு கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ரெயில் டேபிளின் மேல் பரப்புக்கு இணையாக இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தாலும் ஃபென்ஸை நகர்த்தும்போது அது சாயும். கட்டை டேபிளில் உரசவும் கூடாது, மெல்லிய மரம் அடியில் நுழையும் அளவுக்குத் தூக்கவும் கூடாது. விசிட்டிங் கார்டு ஒன்று நுழைந்து வரவேண்டும்.

திருவையாறு பட்டறை:

நன்றி. வெட்டு வலது பக்கம் இருக்கிறது, அதனால் ரெயில் இடிக்கவில்லை. ஓட்டையை அரத்தால் நீட்டி எல்லா போல்ட்டும் ஏற்றிவிட்டேன். வேப்பந்துண்டின் அளவு: ஒரு முனை 12 எம்எம், மறுமுனை 9. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுதான். ஆனால் நடுவில் 2 எம்எம் வரை வயிறு இருக்கிறது.

பாபநாசம் மரவேலை:

முனைக்கு முனை வித்தியாசம் என்றால் சுலபம். நேரான பலகை ஒன்றில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையால் அந்தக் கோட்டிலேயே பாதி வரை அறுங்கள். பலகையை அசைக்காமல் மிஷினை நிறுத்தி, பலகையின் ஓரத்தை ஒட்டி டேபிளில் பென்சிலால் கோடு இழுங்கள். பிளேடு போக நினைக்கிற திசை அதுதான். ஃபென்ஸ் தலையில் இருக்கும் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, கட்டையை அந்தக் கோட்டுக்கு இணையாக வைத்து இறுக்கிவிடுங்கள். நான் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறேன், வேலை நடக்கிறது.

கும்பகோணம் ஆசாரி:

பாபநாசத்துக்காரர் சொல்வது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பிளேடு மாற்றினால் கோணமும் மாறும், ஒவ்வொரு தடவையும் போல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும். டேபிள் பள்ளத்தில் வைத்து அறுக்கும் வேலைக்கும் அது ஒத்துவராது. திசையைத் திருத்த முதல் இடம் மேல் வீல்தான் என்பது என் கருத்து.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மேலும் கீழும் பிளேடை இருபக்கமும் தாங்கும் கைடு, பின்னால் இருக்கும் பேரிங் எல்லாவற்றையும் பிளேடைத் தொடாமல் விலக்குங்கள். பிளேடுக்கு இழுவை (விறைப்பு) ஏற்றி, வீலைக் கையால் சுற்றிக்கொண்டே பின்பக்கக் குமிழைத் திருகி, பல்லின் அடிப்பள்ளம் மேல் வீல் ரப்பரின் நடு உச்சியில் ஓடும்படி வையுங்கள். பிளேடு முன்னாலோ பின்னாலோ தள்ளி ஓடினால் அந்த வளைவில் அது சாய்ந்து நிற்கும், அறுப்பு ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் கைடைப் பக்கத்துக்கு ஒரு தாள் இடைவெளியில், பல்லின் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். பல்லில் பட்டால் பல் போச்சு. பின் பேரிங்கும் தாள் இடைவெளியில் இருக்கட்டும், மரம் தள்ளும்போது மட்டும் சுற்றவேண்டும்.

அடுத்து ஒரு நேரான ஸ்கேலைப் பல்லில் படாமல் பிளேடின் பக்கத்தில் ஒட்டிவைத்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் டேபிள் பள்ளத்துக்கு அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் டேபிளுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி டேபிளையே திருப்புங்கள். ஃபென்ஸைப் பள்ளத்துக்கு இணையாக வைப்பது கடைசி வேலை.

வயிறு தள்ளுவது 6 பல்லால். 5 இஞ்ச் மரத்துக்குள் ஒரே நேரத்தில் 30 பல் நிற்கிறது, தூள் போக இடமில்லை, நீங்கள் தள்ளத் தள்ள பிளேடு வளைகிறது. இஞ்சுக்கு 3 பல் உள்ள அரை இஞ்ச் பிளேடு வாங்குங்கள். இழுவையையும் பாருங்கள்: கைடை 6 இஞ்ச் உயர்த்தி விரலால் பக்கத்தில் அழுத்தினால் இரண்டு நூலுக்கு (கால் இஞ்ச்) மேல் போகக்கூடாது. மிஷினில் இழுவையைக் காட்டும் முள்ளை மட்டும் நம்பவேண்டாம்.

திருவையாறு பட்டறை:

ஆசாரி ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். பிளேடு ரப்பரின் முன் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவுக்குக் கொண்டுவந்ததுமே பழைய பிளேடில்கூட இழுப்பு பெரும்பகுதி போய்விட்டது. டேபிளையும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. 3 பல் பிளேடு தஞ்சாவூரில் கிடைத்தது. இப்போது வேப்பங்கட்டையில் முனைக்கு முனை அரை எம்எம்கூட வித்தியாசம் இல்லை, வயிறும் இல்லை. அந்த அரை எம்எம்மையும் எடுக்க ஃபென்ஸைத் தொடலாமா?

பாபநாசம் மரவேலை:

இப்போது தொடலாம், நான்கு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி பின்முனையை ஒரு தாள் அளவு நகர்த்தினால் போதும். ஆனால் பிளந்த முகத்தை எப்படியும் இழைக்கத்தானே போகிறீர்கள், அப்படியே விடுவதுதான் என் யோசனை. பலாவில் கை வைக்கும்போது மேல் கைடை மரத்துக்கு இரண்டு நூல் மேலே வரை இறக்குங்கள், மெதுவாகத் தள்ளுங்கள், கடைசி ஜாண் தூரத்துக்குத் தள்ளுகட்டை கட்டாயம்.

திருவையாறு பட்டறை:

முதல் ஜோடி பிளந்தாயிற்று. இரண்டையும் விரித்து வைத்தால் ரேகை இடமும் வலமும் அப்படியே பொருந்துகிறது, மனசு நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் ஈரம் அதிகம், டேபிளில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவலாமா?

மன்னார்குடி லேத்:

எண்ணெய் மரத்தில் ஏறும் அண்ணே. மெழுகுவத்தி மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள், மரமும் வழுக்கிக்கொண்டு போகும். சிலிக்கான் ஸ்பிரே மட்டும் வேண்டாம், அது பட்ட பலகையில் பாலிஷ் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். வேலை முடிந்து பூட்டும்போது பிளேடின் இழுவையைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் வீல் ரப்பரில் தழும்பு விழுந்துவிடும்.